உன் ஊரில் எத்தனை பேர்?

பம்ப் ஹவுஸ் குவார்ட்டர்ஸ்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மூன்று மோட்டார்களும் சௌக்கியம், இரண்டாவது மோட்டார் மட்டும் என்னைப் போலவே உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கொஞ்சம் முனகுகிறது. அங்கே உன் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ வேறொன்றுக்குத் தாவிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். மெதுவாகப் படி. ஆபீஸில் வைத்துப் படிக்காதே.

நான் ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் குடிநீர்த் தொட்டியின் மட்டத்தை மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுதிய கை, இனி எதை எழுதப்போகிறது என்று தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் சாவியை அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து தாள் வந்துவிட்டது. உன் மாமா தன் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், வந்துவிடு அக்கா என்கிறார். நீ போன வருஷம் முழுக்க என்னிடம் வந்துவிடு, என்னிடம் வந்துவிடு என்று நச்சரித்தாய், இங்கே இரண்டு கோடிப் பேர் இருக்கிறார்கள் உனக்குப் பேச்சுத் துணைக்கா பஞ்சம் என்றாய். நானும் சரியென்று பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டேன். இப்போது மூன்று மாதமாக நான் அந்தப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பாக்கலாம்மா" என்கிறாய். வீடு சின்னது என்றாய், பிறகு வேலை அதிகம் என்றாய், பிறகு குளிர் என்றாய். மருமகளிடம் நேரே கேட்டுவிடலாம் என்று பார்த்தால் நான் கூப்பிடும்போதெல்லாம் அவள் குளிக்கப் போய்விடுகிறாள். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இங்கே நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் உன் மாமா ஆரம்பித்து வைத்ததுதான். அவர் மகள் இருக்கும் நகரத்தில் இரண்டு கோடியே நாற்பது லட்சம் பேராம், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்கிறார், ஏதோ அத்தனை பேரையும் இவரே பெற்று வளர்த்த மாதிரி. நான் சும்மா இருப்பேனா, என் மகன் ஊரில் இரண்டு கோடி, அது உன் மகள் ஊரை விடப் பழைய நகரம் என்றேன். அவர் உடனே கடையிலிருந்த ஒரு பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டி, உன் மகன் ஊரில் எண்பத்து மூன்று லட்சம்தான் அக்கா, ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை என்று விரலை வைத்துக் காட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ பொய் சொல்லமாட்டாய், அச்சடித்த புத்தகமும் பொய் சொல்லாது, அப்படியானால் மீதி ஒரு கோடியே பதினேழு லட்சம் பேர் எங்கே போனார்கள்? ஒருவர் இருவர் என்றால் கணக்கில் விட்டுப்போகலாம். ஒரு கோடியை எப்படியப்பா விட முடியும்? அன்றைக்கு முழுக்க மண்டையைக் குடைந்தது, பத்து மணி ரீடிங்கைப் பதினோரு மணிக் கட்டத்தில் எழுதி அடித்து எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் நூலகர் அம்மா உனக்கும் தெரியும், பள்ளிக்கூடம் படிக்கும்போது நீ புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வந்து அழுதாயே, அவர்தான். மூன்று தடிப் புத்தகத்தை மேஜையில் கொண்டுவந்து போட்டார். உன் நகரத்துக்கு மூன்றிலும் மூன்று எண். நான் அதில் ஏதாவது ஒன்று அச்சுப் பிழை என்று நினைத்தேன், அவர் சிரித்தார். எல்லாமே சரிதான், ஒவ்வொருவரும் கோட்டை ஒவ்வொரு இடத்தில் போடுகிறார்கள் என்றார். எண்பத்து மூன்று லட்சம் என்பது பழைய மாநகராட்சிக் கோட்டுக்குள் இருப்பவர்கள், இரண்டு கோடி என்பது அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வளர்ந்த ஊர்களையெல்லாம் சேர்த்தது. உலகம் முழுக்க இதே கதைதான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மூன்று கோடிக்கு மேல் என்று ஒரு நகரத்துக்குப் போட்டிருக்கிறது, படத்தில் பார்த்தால் அதன் எல்லைக்குள் மலையும் வயலும் ஆறும், ஒரு சின்ன நாடே உள்ளே அடங்கிவிடும். இன்னொரு பெரிய தலைநகரம், பேர் சொன்னால் குழந்தைக்கும் தெரியும், அதன் நடுவில் பழைய கோட்டைச் சுவருக்குள் இருந்த நகரத்தை மட்டும் எண்ணினால் பத்தாயிரம் பேர்கூட இல்லை. பகலில் அங்கே லட்சக்கணக்கில் வந்து வேலை பார்த்துவிட்டு மாலையில் எல்லோரும் போய்விடுகிறார்களாம். அப்படியானால் அது பெரிய ஊரா சின்ன ஊரா, யார் சொல்வது? எந்த நேரத்தில் எண்ணுகிறோம் என்பதும் ஒரு விஷயம்தான் போலிருக்கிறது.

எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. நம் ஊருக்கே ஆபீஸ் கணக்கு இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஆனால் ஒரு நாளைக்கு ஆளுக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர் என்று வைத்து என் தொட்டி காலியாகும் வேகத்தைப் பார்த்தால் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேர் குடிக்கிறார்கள். உதவிப் பொறியாளர் அது குழாய்க் கசிவு என்று பூசி மெழுகுவார். கசிவு காலை ஆறு மணிக்கு எழுந்து பல் தேய்க்காது சார் என்று நான் சொல்வேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் முளைத்திருக்கும் வீடுகள் எந்தக் கோட்டுக்குள்ளும் இல்லை, அவர்களும் நம் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். காகிதத்தில் விட்டுப்போன ஆள் தண்ணீரில் விட்டுப்போக மாட்டான், இது என் அனுபவம்.

நூலகர் அம்மா கம்ப்யூட்டரில் உன் விலாசத்தைப் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது மகனே, உன் வீடு அந்த நகரத்தின் கோட்டுக்குள்ளேயே இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அது தனி ஊர், தனி நகராட்சி, மக்கள்தொகை நாற்பத்தோராயிரம். இத்தனை வருஷம் இரண்டு கோடி இரண்டு கோடி என்று அளந்துவிட்டு நம் ஊரில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத ஊரில் குடியிருக்கிறாய். நான் சிரித்த சிரிப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது பெரிய நிம்மதி. இரண்டு கோடி என்றதும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான், உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. அத்தனை பேர் நடுவில் பாஷையும் தெரியாமல் ஒரு கிழவி கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே நினைப்பு வரும். நாற்பத்தோராயிரம் என்றால் எனக்குத் தெரிந்த அளவு. கிழக்குத் தொட்டியில் முக்கால்வாசி, அவ்வளவுதான்.

உன் மாமா விடவில்லை. கோடு போடுவதில் ஏமாற்று இருக்கிறது என்றால் எப்படித்தான் ஒப்பிடுவது என்றார். என் வழியில் ஒப்பிடலாம் என்றேன். இரண்டு நகரத்திலும் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவழிக்கிறான் என்று தெரிந்தால் போதும், நகரம் மொத்தத்துக்கும் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதை அந்தந்த ஊர்க் குடிநீர் வாரியமே வெளியிடுகிறது, வகுத்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரே ஒரு வீட்டை வைத்து நகரத்தை அளப்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு ஆசை. அதற்காகத்தான் உன்னிடமும் மாமா மகளிடமும் தண்ணீர் மீட்டர் கணக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவள் வீட்டில் நாலு பேர், மாதம் பதினாறு யூனிட், ஒரு யூனிட் ஆயிரம் லிட்டர், ஆளுக்கு நூற்று முப்பத்து மூன்று வருகிறது. பார்த்தாயா, கடல் கடந்தாலும் மனுஷன் ஒரே மாதிரிதான் குளிக்கிறான் என்று மாமாவிடம் பெருமையடித்தேன்.

பிறகு மாமா கடையில் அச்செடுத்த உன் தாளை எடுத்தோம். உங்கள் ஊரில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு சின்னத் தூண்களாகப் படம் போட்டே தருகிறார்கள், நல்ல ஏற்பாடு, நம் ஆபீஸில் சொல்ல வேண்டும். முதல் ஒன்பது தூணும் எட்டு யூனிட்டை ஒட்டி நிற்கின்றன. கடைசி மூன்றும் பாதி உயரம். நாலு, நாலு, நாலு. மாமா, உன் மகன் ஊரில் குளிருக்குப் பயந்து குளிப்பதையே விட்டுவிட்டார்களா என்று கேலி செய்தார். மீட்டர் சிக்கிக்கொண்டிருக்கும், இந்த மாடலில் அப்படித்தான் ஆகும் என்று நானும் வாய்க்கு வந்த சப்பைக்கட்டைச் சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சிக்கிய மீட்டர் ஒரு மாதம் மூன்று காட்டும், ஒரு மாதம் ஒன்று காட்டும், பிறகு நின்றுவிடும். மூன்று மாதமும் பிசகாமல் நாலு காட்டாது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை மீட்டர் பார்த்திருக்கிறேன்.

நாலாயிரத்தை முப்பதால் வகு. நூற்று முப்பத்து மூன்று. ஒரே ஒரு ஆள்.

கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் வெளியூர் வேலையாகப் போயிருப்பாளோ என்று நினைத்தேன், போயிருந்தால் நீ சொல்லியிருப்பாய். இந்த மூன்று மாதத்தில் நான் எத்தனை தரம் அவளைக் கேட்டேன், ஒவ்வொரு தரமும் நீ "குளிச்சிட்டு இருக்காம்மா" என்றாயே, அந்தத் தண்ணீர் உன் மீட்டரில் ஏறவே இல்லையே கண்ணா. பாதுகாப்பாக ஏதாவது பொய் சொல்ல வேண்டுமென்றால் தண்ணீர்க்காரியிடம் தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கக் கூடாதா. அந்தப் படத்தையும் நீயேதான் எடுத்து அனுப்பினாய், ஒரு தரம் நிறுத்திப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். அம்மா கேட்டாள், அனுப்பினாய், அவ்வளவுதான் உன் சுபாவம்.

எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது தெரியுமா, இத்தனை நாளாக. என்னை வேண்டாமென்று அவள் சொல்லியிருப்பாள், நீ தலையாட்டியிருப்பாய் என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். மாமாவிடம்கூட ஒரு நாள் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரிந்தால் அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். என்ன நடந்தது, யார் பேரில் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் சாப்பாடு போடுவேன். ஆனால் மூன்று மாதம் நீ தனியாக எழுந்து, தனியாகச் சாப்பிட்டு, அந்த இரண்டு பேர் வீட்டில் ஒருத்தனாக இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறாயே.

மாமாவின் அறை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கேட்டால் அவரிடம் நான் பெரிய நகரத்துக்குப் போகிறேன் என்றுதான் சொல்வேன், நாற்பத்தோராயிரம் என்பது நமக்குள் இருக்கட்டும். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று, அதில் திருடி மாதிரி இருக்கிறேன். சாவியை ஒப்படைத்த கையோடு கிளம்புகிறேன். வீடு சின்னது, குளிர், வேலை அதிகம் என்ற மூன்றையும் இதோடு விட்டுவிடு. நான் வருவதற்குள் சமையலறைக் குழாய்க்கு ஒரு நல்ல வாஷர் வாங்கி வை, போனில் பேசும்போதே அது சொட்டுவது எனக்குக் கேட்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. உனக்கு என் ஆயிரம் ஆசீர்வாதம், அவளுக்கும் அதில் பாதி உண்டு.

அடுத்த தூண் எட்டுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா.