மாப்பிள்ளையை இடித்த அண்ணன்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுக்கூடத்துக்குப் புதுப் பொம்மை வந்தது. ஆள் உயரம், பஞ்சு உடம்பு, கறுப்புச் சட்டை. யாரையும் மதிக்காமல் விறைத்து நிற்பதால் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாயிற்று. இரவில் இவனையும் ஒரு டயரையும் ஓர் அட்டைப்பெட்டியையும் எங்கள் சோதனைச் சாலையில் வைப்போம். கார் ஓட்டி வருபவர் எதையாவது பார்த்த உடனே பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு தூரத்தில் கண்ணில் பட்டது என்பது பதிவாகிவிடும்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் ரகளை. இருட்டிய பிறகும் அம்மா தானே கார் ஓட்டிக்கொண்டு பாட்டு வகுப்புக்குப் போகிறாள் என்று அண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

“இந்த வயசுல ராத்திரி கண்ணு தெரியுமாம்மா உனக்கு?”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “உன் ஆபீஸ்ல இதைத்தானே சோதிக்கிறீங்க? எனக்கும் வை. அவனுக்கும் வை.”

நான் யார் பக்கம்? உள்ளுக்குள் அண்ணன் பக்கம்தான். பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மழை. சோதனை தள்ளிப்போனது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. உப்பு கேட்கக்கூட நான்தான் தூது.

மார்ச் 12, புதன்

நேற்று இரவு ஒருவழியாக நடந்தது.

முதலில் அம்மா. பெட்டி, டயர், மாப்பிள்ளை — மூன்றையும் நல்ல தூரத்திலேயே பிடித்துவிட்டாள். ஆனால் சோதனைக்காக எதிரே ஒரு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்ததும் கண் கூசிவிட்டது. அடுத்து வைத்திருந்த இன்னொரு டயரைக் கவனிக்காமலே தாண்டிப் போனாள்.

அடுத்து அண்ணன். பெட்டிக்குப் பொத்தான் அழுத்தவில்லை. டயருக்கும் இல்லை. பிறகு — டமால்! மாப்பிள்ளை பானெட்டின் மேல் கிடந்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் இறங்கி மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறான்.

“நிஜ ஆளா இருந்திருந்தா?”

அம்மா கேலி செய்வாள் என்று நினைத்தேன். அண்ணன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இருவரையும் பின்னால் உட்காரவைத்து நான்தான் ஓட்டி வந்தேன். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பள்ளியில் அடி வாங்கிய பிள்ளைகள் மாதிரி!

மார்ச் 14, வெள்ளி

கண் டாக்டரிடம் போனோம். அண்ணனுக்குக் கிட்டப்பார்வை; தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கலாம். இத்தனை வருஷம் எப்படித்தான் சமாளித்தானோ! அம்மாவுக்கு இப்போதுதான் கண்புரை தொடங்குகிறதாம், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பும்போது அம்மாவே சொன்னாள்: “சாவி என்கிட்டதான் இருக்கும். இருட்டினா மட்டும் ஓட்டமாட்டேன்.”

அண்ணன் சாவியை நீட்டினான்.

மார்ச் 22, சனி

அண்ணனுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மாலையில் அம்மாவைப் பாட்டு வகுப்புக்கு அவன்தான் கூட்டிப்போனான். கிளம்பும் முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு மரத்தை இலை இலையாகப் பார்த்தான். பிறகு கார் அருகே நின்ற அம்மாவைப் பார்த்தான்.

“ஏம்மா, உன் முகத்துல இவ்வளவு சுருக்கமா? இத்தனை நாளா தெரியவே இல்லையே!”

“கழட்டுடா அதை,” என்றாள் அம்மா. “கார்ல ஏறினப்புறம் மாட்டிக்கோ.”