சிவப்புக் குளிசை

நவம்பர் 3, திங்கள்
விடிய மழை. பண்டத்தரிப்புச் சந்தியில பஸ் பிந்தி. யாழ்ப்பாணத்தில நெஞ்சு கிளினிக், ரெண்டாம் மாதத்துக் காசநோய்க் குளிசை எடுத்தாச்சு. என்ரை மனுசன், அவர் செத்தது உந்த நோயில. இப்ப எனக்கும். ஆனால் இனி ஆருக்கும் தொத்தாதாம்.

டொக்டர் பிள்ளையிட்டைக் கேட்டன், சிவப்புக் குளிசை என்னதான் செய்யுது எண்டு. கிருமிக்குள்ளை டி.என்.ஏ எண்டு ஒண்டு. அதைப் பாத்துப் படி எடுக்க ஒரு நொதியம். அந்தப் படிக்குப் பேர் ஆர்.என்.ஏ. நான் கடதாசி அச்சைப் பாத்துச் சட்டை வெட்டுற மாதிரித்தான். படி இல்லாட்டில் கிருமி சாகும். குளிசை போய் அந்த நொதியத்தைப் பிடிச்சு நிப்பாட்டுது. இடையில விட்டால், நொதியம் மாறின கிருமியள் தப்பிப் பெருகும், பிறகு குளிசை பிடிக்காதாம்.

அவர் இடையில விட்டவர்தானே.

நவம்பர் 4, செவ்வாய்
வெயில். உடுப்புக் காயப்போட்டது. தேங்காய், உளுந்து, வாழையிலை சொல்லவேணும். வியாழன் அவரின்ரை அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள்.

எனக்கும் சலம் சிவப்பாத்தான் போகுது. குளிசைச் சாயம், பயப்பிடாதேங்கோ எண்டு நேர்ஸ் முதல் நாளே சொன்னவ. அவருக்கும் சொல்லியிருப்பினம். அவரின்ரை அண்ணை இரத்தம் எண்டார். குளிசைச் சூடு ஈரலைத் தின்னுது, விட்டிடு எண்டார். அவருக்கு அண்ணை சொன்னால் தேவாரம். செத்தவீட்டில காய்ச்சல் எண்டு சனத்துக்குப் பொய் சொன்னதும் உந்த அண்ணைதான்.

நவம்பர் 5, புதன்
அண்ணை மரக்கறி கொண்டு வந்து இறக்கினார். கதையோடை கதையா, "பிள்ளை, நாளைக்குப் படைச்சு முடியுமட்டும் வாயில ஒண்டும் வைக்கப்படாது. உந்தக் குளிசையும்தான்."

ஒருநாள் விட்டால் என்ன எண்டார். விரதத்துக்கோ, சனம் பாக்குமெண்டோ? தெரியாது. தேத்தண்ணி குடுத்தன். சீனி போடேல்லை.

நவம்பர் 6, வியாழன்
கீரிமலையில கிரியை முடிச்சு வர வீடு நிறையச் சனம். குளிசை வெறும் வயித்தில போடவேணும். அவரின்ரை படத்துக்கு முன்னால நிண்டு, எல்லாரும் பாக்கப் போட்டன். அழுகை வந்திட்டுது. வெள்ளைச் சீலைத் தலைப்பில துடைக்க, செம்மஞ்சள். அவரின்ரை தங்கச்சி பயந்துபோனா.

"எடியே, கண்ணால இரத்தம்."

"இரத்தமில்லை மச்சாள். காசநோய்க் குளிசையின்ரை சாயம். அவருக்கும் சலத்தில உதுதான் போனது."

அவரின்ரை அண்ணை வாழையிலை துடைச்சுக்கொண்டு நிண்டார். துடைச்ச இலையையே திரும்பத் துடைச்சார்.