குப்பை வண்டி போன இடம்

போன வெள்ளிக்கிழமை நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனிகளில் சுற்றுச்சூழல் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று பார்த்து எழுதுவதுதான் இப்போது என் வேலை. பக்கத்துக் காட்டில் யாரோ கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளையும் பாலித்தீன் பைகளையும் ஒன்றாகக் குவித்துக் கொளுத்திவிட்டிருந்தார்கள். புகை மாடிக்கு ஏறி வந்தது. கூட நின்ற மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் கண்முன் நீதான் வந்து நின்றாய், முழங்கால் வரை சேறோடு.

நீ போய் ஐந்து மாதமாகிறது. நீ இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

பி.காம். முதல் வருடம் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம், அருள்புரத்தில் ஒற்றை அறை வீடு, அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் வேலை. நான் "ஊட்டுக்குப் போலாமா?" என்றால், "ஊடாம்லா ஊடு!" என்று சிரிப்பாய். கல்லூரியில் பசுமை வளாகக் குழு ஆரம்பித்தபோது நான் சேர்ந்தது சான்றிதழுக்காக. எல்லோரும் அதற்குத்தான் சேர்ந்தார்கள், உன்னைத் தவிர. கேன்டீன் வாசலில் மக்கும் குப்பைக்குப் பச்சை டிரம், மக்காததற்கு நீல டிரம் என்று இரண்டு வைத்தோம். சாம்பார் சாதத்துக்குள் வெறும் கையை விட்டு பிளாஸ்டிக் கவரை உருவி எடுப்பாய். மற்ற பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடப்பார்கள். நான் நன்றாகப் பேசுவேன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். உனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "செக்ரட்டரியம்மா, மைக்கு உனக்கு, டிரம்மு எனக்கு" என்றாய்.

மூன்று மாதம் அப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், குப்பை டிராக்டர் கல்லூரியின் பின்பக்கம் போகிறதே என்று நீதான் கவனித்தாய். இருவரும் காம்பவுண்டு ஓட்டை வழியாக நுழைந்து பின்னாலேயே போனோம். ஓடைக்கரையில் வண்டி நின்றது. பச்சை டிரம்மும் நீல டிரம்மும் ஒரே குவியலாகக் கவிழ்ந்தன. டிரைவர் மேலே டீசலைத் தெளித்துத் தீ வைத்தார். நாங்கள் ஓடிப் போய்க் கேட்டதும் அவர் பாவம், ஒளிக்கவே இல்லை. "ஆபீஸ்ல இங்கதான் கொட்டச் சொல்லியிருக்காங்க கண்ணு. எப்பவும் இப்படித்தானுங்களே."

நீ சேற்றில் இறங்கி செல்போனில் படம் எடுத்தாய். ஏறி வந்ததும், "மூணு மாசமா பிரிச்சோமேட்டி" என்றாய்.

பசுமை வளாகம் என்று சான்று கொடுக்க அடுத்த வாரம் ஒரு குழு வரவிருந்தது. அவர்கள் முன்னால் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தோம். "எனக்குக் கோர்வையாப் பேச வராது. நீ சொன்னாத்தான் கேப்பாவ" என்றாய். நான் சரி என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அன்று அரங்கத்தில் முன்வரிசையில் முதல்வர், பக்கத்தில் தாளாளர். குழுவில் வந்திருந்த அம்மையார் என்னைப் பார்த்து, "பிரிச்ச குப்பையெல்லாம் எங்கம்மா போகுது?" என்று கேட்டார்.

"மக்குறது உரக் குழிக்குப் போகுதுங்க மேடம். மத்தது மறுசுழற்சிக்குப் போகுதுங்க."

என் குரல் நடுங்கக்கூட இல்லை. கடைசி வரிசையிலிருந்து நீ எழுந்தாய். "இல்ல மேடம். ஓடைக்குப் போவுது."

மறுநாள் முதல்வர் அறை. உன் செல்போன் படத்தைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்க் குப்பையோ என்றார். "இவளும் கூட வந்தா சார்" என்றாய் நீ, நிம்மதியாக. அவர் என் பக்கம் திரும்பி, "நீயும் பாத்தியாம்மா?" என்றார்.

"இல்லீங்க சார். நான் போகலீங்க."

நீ கோபப்படவில்லை. தெரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டேன் என்பதுபோல என்னையே பார்த்தாய். வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்த உன் அம்மாவிடம், உங்கள் பெண் பொய் சொல்லிக் கல்லூரியின் பேரைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வரலாம் என்றார்கள். வராண்டாவில் என்னைக் கடந்து போகும்போது நீ சொன்னாய்: "பொய் சொன்னேன்னு எழுதணுமாம். அதுதான பொய்யி."

நீ எழுதவில்லை. திரும்பி வரவும் இல்லை.

அப்பாவின் தையல் யூனிட்டுக்குத் தாளாளரின் கம்பெனியிலிருந்துதான் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. பல வருடம் அந்தக் காரணத்தைத்தான் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதிதான். எனக்கு அந்த மேடை பிடித்திருந்தது. முன்வரிசை தலையாட்டுவது பிடித்திருந்தது. பசுமை வளாகக் குழுச் செயலாளர் என்ற சான்றிதழைக் காட்டித்தான் இந்த வேலையும் கிடைத்தது.

இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனியில் தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தேன். முகக்கவசத்தை இறக்கிவிட்டு எதிர் நாற்காலியில் நீ உட்கார்ந்தாய். பக்கத்தில் பனியன் வாங்கும் கம்பெனியின் வெளிநாட்டுக்காரர். காகிதத்தைப் பார்த்தே, "இங்க ஏதாவது குறை இருக்குங்களா?" என்று கேட்டேன். உன்னிடம், 'ங்க' போட்டு.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கோட்டி. அதான உனக்கு வேணும்?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் அப்படியே எழுதினேன். வாசலில் வந்து காத்திருந்து உன்னைப் பார்த்திருக்கலாம். கார் நின்றது, ஏறிப் போய்விட்டேன்.

பல்லடம் ரோட்டில் பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டராக உன்னைப் பார்த்தேன். காய்ச்சல், நாலே நாள் என்று பிறகு தெரிந்தது. அப்போதும் உன் வீட்டுக்குப் போகும் தைரியம் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். உன் அம்மா மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஜெபமாலையைக்கூடக் கையிலிருந்து வைக்கவில்லை. "ஏ எம்மா, நீ அவகூடப் படிச்ச பிள்ளைலா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். "அன்னைக்கு அவ சொன்னது உண்மைங்கம்மா. நானும் கூடப் போயிருந்தேங்க. என் கண்ணால பாத்தேங்க. நான்தாங்க பொய் சொன்னேன்."

துடைத்துப் போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல வச்சு அவள அடிச்சிட்டேன்மா. அத்தன பேரு பாக்க. ஏன்ட்டி பொய் சொன்னன்னு அடிச்சேன். 'இல்லம்மா, இல்லம்மா'ன்னுட்டே நின்னா. கடைசி வரைக்கும் நான் அவள நம்பல."

ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டே, "இத அவ இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனேன். இறக்கியதை உன் அம்மாவின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மகளை நம்பாத தாய் என்று இனி அவர் தன்னையே நொந்துகொண்டு வாழ வேண்டும். அதையும் நான்தான் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் நீ வாங்கிய அந்த அடி எனக்கு விழ வேண்டியது. விழவில்லை. ஆனாலும் நீ "இல்லம்மா, இல்லம்மா" என்று நின்றதை அன்றிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.