தூக்குவாளியில் உப்பு

ஜூன் 2, திங்கள்
ஒன்பது மணித் தேத்தண்ணி. தேயிலைக் கொழுந்து எடுக்கும் எங்கள் கூட்டத்துக்கு ஏழு வருடமாக நான்தான் பாலில்லாமல் உப்புப் போட்ட கட்டன் தேத்தண்ணி வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோகிறேன். மேடு ஏறி இறங்குகிற உடம்புக்கு அதுதான் தெம்பு என்பார்கள். இன்று எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, எனக்கு மட்டும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். உப்புப் போடாதது. வாய்ப்புண் என்று சொல்லிவைத்தேன். தங்கச்சி டின்சி இரண்டாவது டம்ளர் கேட்டாள். ஊற்றினேன்.

ஜூன் 3
எழுதியாவது வைக்கிறேன். போன மாதம் கட்டப்பனை டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்: இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள். அம்மாவைக் கொண்டுபோன அதே வியாதி, வழிவழியாக வருவது. பிரஷரும் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வலி மாத்திரையைத் தொடவே கூடாது. "கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் செக் பண்ணணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மகள் நிமிக்குக் கம்பம்மெட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். டின்சி காதில் விழுந்தால் நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். கலியாணம் முடியட்டும் — அப்புறம் சொன்னால் போதாதா?

ஜூன் 8, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து டின்சி வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு. நான் தொடவில்லை. "யக்காவுக்குக் கெவுரவம் வந்துருச்சு" என்று சிரித்தாள். நீயும் திங்காதே என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

தேயிலைக் காட்டில் கக்கூஸ் இல்லை என்று அவள் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது நான் மட்டும் குடிக்கிறேன்.

ஜூன் 19
டின்சிக்கு மூன்று நாளாகத் தலைவலி. "யக்கா, தோள்வலிக்கு ஒரு மாத்திரை வச்சிருப்பியே, ஒண்ணு குடு." தூர எறிய மனமில்லாமல் பையிலேயே கிடந்த பழைய மாத்திரை அட்டை. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. குடுத்துட்டேன். எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னத எடுத்து எந் தங்கச்சி கையில வச்சேன். நானெல்லாம் ஒரு அக்காளா? த்தூ.

ஜூன் 20
விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலையும் மாத்திரையையும்கூட. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அம்மா ஒனக்கு மட்டுந்தான் அம்மாவா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

ஜூன் 26
கட்டப்பனையில் டின்சிக்கு ஸ்கேன். அவளுக்கும் கட்டிகள். பிரஷர் நூற்று எழுபது. என்னைவிட அவள் கிட்னிதான் அதிகம் கெட்டிருக்கிறதாம். திரும்பும்போது ஏலப்பாறை வரை பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். பேசவில்லை.

ஜூன் 29
நிமியிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சனிக்கிழமை ஸ்கேனுக்குப் போறேம்மா. மாப்பிள்ளை வீட்லயும் நானே சொல்லிக்கிறேன்" என்றாள். பெற்றவளுக்கு இல்லாத தைரியம்.

ஜூலை 7, திங்கள்
நிமிக்குக் கட்டி எதுவும் இல்லை. சில வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். கம்பம்மெட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

டின்சியிடம் சொல்லிப் பதினேழு நாளாகிறது. லயத்தில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. டின்சி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அவள் வாய்க்குப் பயந்துதானே நான் இத்தனையும் செய்தேன்.

இன்று தூக்குவாளியில் உப்புப் போடவில்லை. கூடக் கொழுந்து எடுக்கும் ஆனந்தி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். "என்ன இது, உப்ப எங்க?"

டின்சி முந்திக்கொண்டாள். "அக்கா மறந்திருக்கும்." என்னைப் பார்க்காமலே, எனக்காக ஒரு பொய்.

"மறக்கல" என்றேன். "எனக்கும் டின்சிக்கும் கிட்னியில சீக்கு. எங்கம்மாவுக்கு இருந்ததுதான். உப்பு ஆகாது."

ஆனந்தி, காலில் ஏறும் அட்டைக்காக மடியில் வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை தன் டம்ளரில் போட்டுக்கொண்டாள். "வேணுங்கறவ போட்டுக்கட்டும். இதுக்கென்ன இப்ப?"

டின்சி டம்ளரை நீட்டினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி கீழே போனது.

"பாத்து ஊத்துக்கா" என்றாள்.