கொசுவுக்குத் தோற்ற கோட்டை

கோட்டைக்கு ஒரே வாரிசான தம்பிக்கு,

கிழக்குக் கோபுரம் சாய்ந்ததை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். என் வீட்டில் தங்க இடம் கேட்டு நீ அனுப்பிய ஆளும் வந்து சேர்ந்தான்.

வெஸ்ட்ஃபேலியாச் சேற்றில் ஓக் மரத் தூண்களை அடித்து இறக்கி, அவற்றின்மேல் கட்டிய வீடு நம்முடையது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த மரம் இரும்பு. காற்றுப் பட்டால் உளுத்துவிடும். "அகழித் தண்ணிய மட்டும் தொட்டுடாதீங்கடா" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அப்பா கத்துவார். நீ வாத்துக்காலைக் கடிப்பதில் மும்முரமாக இருந்திருப்பாய்.

உன் மனைவி ஹெட்விக், "ஐய, ஒரே கொசு! நாத்தம் வேற" என்றாள். உடனே அகழியை வடித்துப் புல்தரை போட்டாய். எந்தப் படையாலும் தாண்ட முடியாத அகழியைக் கொசுவுக்குப் பயந்து தூர்த்தவன் நம் வம்சத்தில் நீ ஒருவன்தான்.

"பொண்ணுக்கு எதுக்குக் கோட்டை? லாயத்துக்கு மேல ரூம் இருக்கே" என்று என்னை அகழிக்கு இந்தப் பக்கம் தள்ளினாயே, இங்கே அடியில் கெட்டித் தரை. சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

தாராளமாக வாருங்கள். கோட்டைக்குள் வருமுன் நான் அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று ஹெட்விக் மாட்டிய மணி இப்போது என் கதவில் தொங்குகிறது. அடித்துவிட்டு மழையில் நில்லுங்கள். எனக்குத் தோன்றும்போது திறக்கிறேன்.

லாயத்து மாடியிலிருந்து,
உன் அக்கா