முனகியது வண்டியா, நானா?

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிரில் விரல்கள்தான் மரத்துப்போகின்றன, பயப்படாதீர்கள்.

நேற்று ஒரு நர்ஸ் அக்காவின் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. காலையில் ஸ்டியரிங் இறுகிக்கொள்கிறதாம், திருப்பினால் முனகுகிறதாம். வண்டி சூடானதும் சரியாகிவிடுகிறதாம்.

"ஸ்டியரிங் பம்ப் போச்சும்மா, புதுசு மாத்தணும்" என்றார் மெக்கானிக் அண்ணன். அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

கார் கழுவுகிற எனக்கு ஆசை விடவில்லை, எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் பால் பொங்குவது போல நுரை! காற்று புகாமல் ஆயில் நுரைக்குமா? அண்ணனிடம் மெல்லச் சொன்னேன்.

"முனகுறது வண்டியா, நீயா? சத்தமாச் சொல்லு, ஊமைக்கோட்டான்!"

"நுரைக்குதுண்ணே!" கத்தியே விட்டேன்.

அவர் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் குழாயைத் தடவிப் பார்த்தார். குளிரில் ரப்பர் விறைத்து, கிளிப் தளர்ந்து, அந்த வழியே காற்று போயிருக்கிறது. கிளிப்பை மாற்றி ஆயில் ஊற்றியதும் ஸ்டியரிங் சத்தமில்லாமல் திரும்பியது. பம்ப் தப்பித்தது.

"நாளைலேருந்து ஸ்பானரப் பிடி" என்றார்.

அப்பா, கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கூடவே நம் வீட்டில் போடும் சோப்பும் ஒன்று. தலையணை உறையில் அந்த வாசனை இருந்தால் தூக்கம் வரும்.

அண்ணன் கூப்பிடுகிறார், கேட்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு ஓடுகிறேன்.

உங்கள் மகள்