தனிக் கொட்டகை

மார்ச் 3

டாக்டர் அவர்களுக்கு,

சௌக்கியம்தானே? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே மல்லுக்கு நிற்போம். அதனால்தான் கடிதம்.

நீங்கள் போன பிறகும் பண்ணை நன்றாகத்தான் ஓடியது. போன மாதம் சந்தையில் சில கன்றுகள் வாங்கினேன். வந்ததுமே அவற்றுக்கு இருமல், மூக்கொழுகல், காய்ச்சல். இப்போது தொழுவம் முழுக்க இருமுகிறது. உங்கள் செல்லப் பசு மகாராணி தீவனத்தில் வாய் வைப்பதில்லை. "வைரஸ்மா, நுரையீரலைப் பிடிச்சிருக்கு" என்கிறார் புது டாக்டர். நல்ல பிள்ளை. ஆனால் கையுறை இல்லாமல் மாட்டைத் தொடுவதில்லை.

நீங்கள் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஸ்டெதஸ்கோப்பை மறந்துவிட்டு, பசுவின் விலாவில் காதை வைத்துக் கேட்டீர்கள். காதெல்லாம் சாணி. "இவரு டாக்டரா, பால்காரரா?" என்றார் அப்பா. எனக்கு அன்றைக்கே உங்களைப் பிடித்துப்போயிற்று.

மகாராணி பிழைப்பாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பண்ணைக்காரி

மார்ச் 9

முதலாளியம்மாவுக்கு,

வைரசுக்கு நேரடி மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு ஊசி, பின்னாலேயே வரும் கிருமிக்கு ஆன்டிபயாடிக். அந்தப் பிள்ளை சரியாகத்தான் செய்கிறான், அவன் உயிரை வாங்காதே. குளிருமே என்று ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? எடுத்துவிடு. காற்று வேண்டும்.

ஒன்றுதான் புரியவில்லை. புது மாட்டைச் சில வாரம் தனியாகக் கட்ட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுப்பவள் நீ. அதற்கென்றே நாம் கட்டிய கொட்டகை இருக்கிறதே! நீ சிமெண்ட் குழைப்பாய், நான் கோணலாகச் சுவர் வைப்பேன், பாதி நாள் சிரிப்பிலேயே போய்விடும். அது என்ன ஆயிற்று?

மகாராணி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு வயதாகிவிட்டது.

டாக்டர்

மார்ச் 14

டாக்டர் அவர்களுக்கு,

சாக்குகளை எடுத்துவிட்டேன். ஆமாம், தொங்கவிட்டுத்தான் இருந்தேன், ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். கன்றுகள் தேறிவிட்டன. மகாராணிக்குத்தான் மூச்சு வாங்குகிறது. நானும் விலாவில் காதை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அழுகைதான் வந்தது.

கொட்டகை எங்கும் போகவில்லை. நாம் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்தக் கடைசி மாதங்களில் நீங்கள் அங்கேதானே படுத்தீர்கள்? உங்கள் கட்டில், போர்வை, ஆணியில் மாட்டிய சவரக் கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கின்றன. கன்றுகள் வண்டியிலிருந்து இறங்கியபோது, "அந்தக் கட்டில எடுத்துரலாமாக்கா?" என்று கேட்டார் வேலைக்காரர். "வேணாம், பெரிய மாடுகளோட கட்டுங்க" என்றேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஒரு கட்டிலுக்காக மகாராணியை இப்படிப் படுத்திவிட்டேன்.

நன்றாகத் திட்டி எழுதுங்கள்.

பண்ணைக்காரி

மார்ச் 19

முதலாளியம்மாவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. இந்த வாடகை அறையில் நான் இன்னும் கட்டிலே வாங்கவில்லை. பாயில்தான் படுக்கிறேன். யாராவது கேட்டால் முதுகுவலி என்கிறேன்.

கொட்டகையை உடனே காலி செய். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவு. இனி எந்தக் கன்று வந்தாலும் முதலில் அங்கேதான் கட்ட வேண்டும். கட்டிலை எங்கே போடுவது என்பதை நீயே முடிவு செய்.

மகாராணியைப் பார்க்க அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன்.

டாக்டர்

மார்ச் 23

உங்களுக்கு,

மகாராணி நேற்றுப் போய்விட்டாள். கடைசிவரை தலையை என் மடியில்தான் வைத்திருந்தாள். அவளைப் பார்ப்பதற்காக மட்டும் வருவதானால், வர வேண்டியதில்லை.

கொட்டகையைக் கழுவிவிட்டேன். கட்டில் நம் அறையில் இருக்கிறது, ஜன்னல் பக்கம்.

நான்